தாம்பத்திய நாட்டம் குறையும்போது: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தேடும் வழிமுறை

கானாடுகாத்தானுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில், 47 வயதுப் பெண்மணி ஒருவர் என்னை வீட்டு முகப்பிலிருந்து நடுமுற்றமான வளவைத் தாண்டி, பின்பகுதியில் ஆளரவம் இல்லாத இரண்டாங்கட்டு வரை அழைத்துச் சென்ற பிறகே வாயைத் திறந்தார். “நர்சம்மா, எனக்கு அந்த எண்ணமே வரமாட்டேங்குது. உடம்பு மரத்துப்போன மாதிரி இருக்கு. அவுககிட்டச் சொல்லவும் முடியல, வேற யார்கிட்டயும் கேக்கவும் முடியல” என்றார். அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் அவர் இரண்டு வகை டானிக்கையும் ஒரு லேகியத்தையும் சாப்பிட்டு முடித்திருந்தார். எண்ணம் முதலில் போனதா, வலி முதலில் வந்ததா என்று நான் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, வலி ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றார். அந்த ஓராண்டில் அவரிடம் அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

சிவகங்கை மாவட்டத்தின் இந்தப் பகுதியில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள் நான். நாட்டக் குறைவை ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்தைத் தேடுவதுதான் பெண்களை அதிகம் அலைக்கழிக்கிறது என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். நாட்டம் போவதற்கு முன்னால் பெரும்பாலும் வேறொன்று நடந்திருக்கும். அது வலியாக இருக்கலாம், தூக்கமின்மையாக இருக்கலாம், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரையாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்த வழிமுறையை நோய்களின் பெயர்களால் பிரிக்காமல், பெண்கள் உடலில் தாங்களே கண்டு சொல்லும் அறிகுறிகளால் பிரித்திருக்கிறேன். தன் அறிகுறிக்கு உரிய பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படிக்க வேண்டும்.

தேடத் தொடங்கும் முன்

நாட்டம் குறைவாக இருப்பது தன்னளவில் நோயாகாது. குறைவு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, அது அந்தப் பெண்ணுக்கே வருத்தத்தைத் தந்தால்தான் மருத்துவம் அதைச் சிகிச்சைக்கு உரிய குறையாகக் கருதுகிறது. கணவருக்கு மட்டும் அது குறையாகப்பட்டு, மனைவி நிம்மதியாக இருக்கிறார் என்றால், தேட வேண்டியது ஹார்மோனை அன்று. மேலும், நாட்டம் எப்போதும் முதலில் தானாக முளைத்துத்தான் உறவு தொடங்க வேண்டும் என்ற எண்ணமும் பல பெண்களைத் தேவையில்லாமல் கவலைப்பட வைக்கிறது. நீண்ட நாள் இல்லறத்தில் இருக்கும் பெண்களுக்கு அன்பும் தொடுதலும் தொடங்கிய பிறகே நாட்டம் எழுவது இயல்பு என்பதைக் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். தானாக எழாவிட்டாலும் தொடங்கிய பின் உடல் இசைகிறது என்றால், அங்கே பழுது எதுவும் இல்லை.

அவ்வாறு இல்லையென்றால், முதல் வேலை தேதிகளை எழுதுவது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே இதற்குப் போதும். மாதவிலக்கு வந்த நாள், வலி இருந்த நாள், இரவில் வியர்த்து விழித்த நாள் ஆகியவற்றைத் தனித்தனிக் குறியிட்டு மூன்று மாதம் குறித்து வந்தால், வேறு யாருக்கும் புரியாமல் உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும் புரியும் ஒரு பதிவு கிடைத்துவிடும். இரண்டாவது வேலை, வீட்டில் நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு வைப்பது. சித்த மருந்து, நாட்டு மருந்து, வாயுவுக்கு எப்போதாவது போடும் மாத்திரை எதையும் விட்டுவிடக் கூடாது.

சில அறிகுறிகளுக்கு இந்த மூன்று மாதக் குறிப்பும் பொறுமையும் பொருந்தாது. மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பின் இரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் இரத்தம் வந்தாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்; கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். குரல் கட்டையாகி, முகத்திலும் மார்பிலும் சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்வது, விடாத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்குவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

அறிகுறி: உறவின்போது வலி, எரிச்சல், வறட்சி

நான் பார்த்தவரை, “ஆசை போய்விட்டது” என்று வந்த பெண்களில் மிக அதிகமானோர் உண்மையில் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள்தான். மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் இதுவே. வலிக்கும் என்று ஒருமுறை அறிந்துகொண்ட உடல் அடுத்த முறை இறுகிக்கொள்ளும். இறுகினால் வலி கூடும். சில மாதங்களில் மனம் அந்த எண்ணத்தையே ஒதுக்கிவிடும். கடைசியாக நடந்ததை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது நாட்டக் குறைவாகத் தெரிகிறது.

40 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வறட்சியின் முதல் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவதாகும். யோனியின் உட்சுவரைத் தடிப்பாகவும் நெகிழ்வாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது அந்த ஹார்மோன். அது குறையும்போது சுவர் மெலிகிறது. அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, இயல்பாக இருக்க வேண்டிய அமிலத்தன்மையும் குறைகிறது. அதனால்தான் வறட்சியோடு கூடவே அடிக்கடி சிறுநீர் வருவதும், நீர்க்கடுப்பு மீண்டும் மீண்டும் வருவதும் நடக்கிறது. இவை எல்லாம் சேர்ந்த ஒரே தொகுதி என்பதால் 2014-இல் மருத்துவர்கள் இதற்குப் பொதுவான ஒரு பெயரையும் வைத்தார்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் உடல் திடீரென்று சூடாகி வியர்க்கும் வெப்ப அலைகளைப் போல் சில ஆண்டுகளில் தானாக அடங்கக்கூடியது அல்ல இது; கவனிக்காவிட்டால் வயதோடு சேர்ந்து கூடும்.

நம் ஊர்ப்பக்கம் இந்த எரிச்சலை உடம்புச்சூடு என்று எண்ணி, நல்லெண்ணெய்க் குளியலும் இளநீரும் வெந்தயமுமாக நாள் கடத்துவார்கள். எண்ணெய்க் குளியல் உடலுக்கு இதமானதுதான். ஆனால் மெலிந்த சுவரை அது தடிக்க வைக்காது. சோப்பு, கிருமிநாசினி கலந்த நீர், விளம்பரத்தில் வரும் வாசனைக் கழுவுநீர் ஆகியவை வறட்சியைக் கூட்டுகின்றன என்பதால் அவற்றை முதலில் நிறுத்த வேண்டும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அடுத்த படியாக, தண்ணீரையோ சிலிக்கோனையோ அடிப்படையாகக் கொண்ட வழுவழுப்பு ஜெல்லை உறவின்போது பயன்படுத்தலாம். மருந்துக் கடையில் லூப்ரிகேஷன் ஜெல் என்று கேட்டால் சீட்டு இல்லாமலே தருவார்கள். தெரிந்தவர் கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் காரைக்குடி பெரிய கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கூச்சத்துக்காக வலியைச் சுமக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் சிலருக்கு உதவும் என்றாலும் ஆணுறை பயன்படுத்துகிறவர்களுக்கு அது ஆகாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை கிழிந்துவிடும்.

ஜெல் போதவில்லை என்றால், மகப்பேறு மருத்துவரிடம் யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தனக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் எஸ்ட்ரியால் களிம்பு கிடைக்கிறது. பொதுவாக முதல் இரண்டு வாரங்கள் தினமும் இரவிலும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறையும் தடவச் சொல்வார்கள். இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு என்பதால், வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைக்கு அஞ்சுவதைப் போல இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தம் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முழுப் பலனுக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிட்ட பலரை மீண்டும் தொடங்க வைத்த அனுபவத்தில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. திருமணமான புதிதில், முதல் முயற்சியிலிருந்தே உறவு நிகழ முடியாதபடி உறுப்பு இறுகிக்கொள்கிறது என்றால், அது இடுப்புத்தளத் தசைகள் தாமாகச் சுருங்குவதால் வருவது. அந்தப் பெண் வேண்டுமென்று மறுக்கிறாள் என்று இரண்டு வீட்டாரும் கூடிப் பேசுவது பெரும் அநியாயம். இடுப்புத்தளப் பயிற்சியாலும் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையாலும் இது நன்றாகவே குணமாகும். ஆழத்தில் வலிப்பதோடு மாதவிலக்கு வலியும் கடுமையாக இருந்தால், கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயிர்போல் திரிந்த வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும்.

அறிகுறி: மாதவிலக்கு முன்பின்னாக வருகிறது, குப்பென்று வியர்க்கிறது, தூக்கம் கெடுகிறது

இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு முற்றிலும் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் அது 51 வயதை ஒட்டியது. ஆகையால் 42 வயதில் இந்த அறிகுறிகள் தொடங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் ஏறியும் மறு மாதம் இறங்கியும் ஊசலாடும். எரிச்சல், அழுகை, மறதி, இரவு வியர்வை எல்லாம் அந்த ஊசலாட்டத்தோடு வருபவை. இரவில் மூன்று முறை விழித்து, விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்கும் பெண்ணிடம் நாட்டம் எங்கே இருக்கும்? இங்கே முதலில் சீராக்க வேண்டியது தூக்கத்தை.

45 வயதைத் தாண்டியவருக்கு இந்த அறிகுறிகள் தெளிவாக இருந்தால், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் எஃப்.எஸ்.எச். போன்ற இரத்தப் பரிசோதனைகளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஊசலாடும் காலத்தில் ஒருநாள் எடுத்த அளவு மறுவாரமே மாறிவிடும். ஆனால் 40 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுபோனால் அந்தப் பரிசோதனையைச் செய்தே ஆக வேண்டும். அது சினைப்பை முன்கூட்டியே செயலிழந்ததாக இருக்கலாம், எலும்பையும் இதயத்தையும் காக்கச் சிகிச்சை வேண்டியிருக்கும். எந்த வயதானாலும், மாதவிலக்கு தள்ளிப்போனால் கர்ப்பமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். 44 வயதில் “நின்னுபோச்சு” என்று நம்பியிருந்து ஐந்தாம் மாதத்தில் என்னிடம் வந்தவர்கள் உண்டு. 50 வயதுக்குள் நின்றால் இரண்டு ஆண்டுகளும், 50-க்குப் பிறகு நின்றால் ஓராண்டும் கருத்தடை தொடர வேண்டும் என்பது பொது விதி.

வெப்ப அலையும் தூக்கமின்மையும் வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு இருந்தால் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். 60 வயதுக்குட்பட்டவர்களுக்கும், மாதவிலக்கு நின்று பத்தாண்டு தாண்டாதவர்களுக்கும் பொதுவாக அதன் நன்மை தீமையை விடக் கூடுதல். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு, காரணம் தெரியாத இரத்தப்போக்கு, கல்லீரல் நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு அது ஆகாது.

அறிகுறி: கர்ப்பப்பை எடுத்த பிறகு நாட்டம் சட்டென்று நின்றது

இங்கே ஒரே ஒரு கேள்விதான் முதன்மையானது: சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்களா? பலருக்கு விடை தெரியாது. “எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சொன்னாக” என்பார்கள். பீரோவில் சேலைகளுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருபக்கச் சினைப்பைகளும் அகற்றப்பட்டதாக எழுதியிருந்தால், பல ஆண்டுகளில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடந்திருக்கிறது என்று பொருள். ஈஸ்ட்ரோஜன் மட்டுமன்றி, ஆண் ஹார்மோன் எனப்பட்டாலும் பெண் உடலிலும் உள்ள டெஸ்டோஸ்டிரோனிலும் ஏறத்தாழப் பாதி அன்றே குறைந்துவிடுகிறது. இவர்களுக்கு வியர்வையும் வறட்சியும் நாட்டக் குறைவும் மற்றவர்களை விடக் கடுமையாக இருக்கும். 45 வயதுக்குள் இவ்வாறு நடந்திருந்தால், தடையேதும் இல்லாதவரை இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் சிகிச்சை தருவதே மருத்துவ வழக்கம். அது தரப்படவில்லையென்றால், ஏன் என்று மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சினைப்பைகள் இருக்கின்றன என்று சீட்டில் இருந்தால், ஹார்மோன் உடனே நின்றிருக்காது. வேறு பகுதிகளைப் பார்க்க வேண்டும். குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்களும் “அதனால்தான் ஆசை போனது” என்று நம்புகிறார்கள். அதில் கருக்குழாயை மட்டுமே கட்டுகிறார்கள்; சினைப்பையும் ஹார்மோனும் பழையபடியே இருக்கும்.

அறிகுறி: எப்போதும் அசதி, உடல் கனக்கிறது, குளிர் தாங்கவில்லை

இந்த அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை ஆகிய மூன்றும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே படியேற மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால், ஹார்மோனைத் தேடுமுன் இரத்தத்தைப் பார்ப்பதுதான் முறை. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் அது இரத்தசோகை. மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போவதால் அது வந்திருந்தால், போக்கை நிறுத்தாமல் இரும்புச்சத்து மட்டும் தருவது பயன்படாது.

தைராய்டு குறைந்தால் அசதி, மலச்சிக்கல், முடி உதிர்தல், அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றோடு நாட்டமும் குறையும். மாத்திரை சாப்பிட்டும் சரியாகவில்லை என்பவர்களிடம் நான் கேட்பது காப்பியைப் பற்றித்தான். விடிந்ததும் டிகாஷன் காப்பி குடிக்காமல் அடுப்படிக்குள் போகாத வீடுகள் இவை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி குடிக்க வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றையும் மறதிக்கு அஞ்சி ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆச்சிக்கு, அளவைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் மாற்றியதிலேயே டி.எஸ்.எச். கட்டுக்குள் வந்தது. மாற்றம் செய்தபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்தால் போதும்.

அறிகுறி: பால் கொடுக்கும் காலம் இல்லாதபோதும் மார்பில் பால் கசிகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது

பள்ளத்தூர்ப் பக்கம், கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயதான ஒரு பெண், ரவிக்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் படிந்ததைக் காட்டி அழுதார். கட்டி என்று பயந்திருந்தார். மாதவிலக்கு மூன்று மாதமாக இல்லை, நாட்டமும் இல்லை. கர்ப்பமும் இல்லை என்று பரிசோதித்துவிட்டார். பையிலிருந்த அட்டைகளைக் கொட்டச் சொன்னேன். வாயுக்கோளாறுக்கு என்று ஐந்து மாதமாகத் தினமும் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையில், கடைக்காரர் வெட்டித் தந்ததில் பெயர் போய்விட்டிருந்தது. பின்புறம் பொடி எழுத்தில் மட்டும் “பான்டோபிரசோல் 40, லெவோசல்பிரைடு 75” என்று இருந்தது. அந்த இரண்டாவது மருந்துதான் காரணம்.

லெவோசல்பிரைடு, டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு ஆகியவை மூளையின் பிட்யூட்டரிச் சுரப்பியில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தடுத்து, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றுகின்றன. புரோலாக்டின் ஏறினால் சினைப்பையின் வேலை அடங்குகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, வறட்சி வருகிறது, நாட்டம் குறைகிறது. ரிஸ்பெரிடோன் போன்ற சில மனநல மருந்துகளும் இதையே செய்யும். சாப்பாட்டுக்கு முன் ஒரு கேஸ் மாத்திரை என்பது நம் வீடுகளில் உப்பு புளிபோல் ஆகிவிட்டதால், மருத்துவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது இதை யாரும் சொல்வதே இல்லை.

புரோலாக்டினைக் காலையில், எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பதற்றம் இல்லாமல் உட்கார்ந்து ஓய்வெடுத்த பின் எடுக்க வேண்டும். ஓடிவந்து கொடுத்த இரத்தத்தில் சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் பெண்களுக்கு மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வரை இயல்பாகக் கொள்வார்கள். மாத்திரைதான் காரணம் என்றால், எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டு அதை மாற்றியபின் சில வாரங்களில் அளவு இறங்கும். மனநல மருந்தை மட்டும் ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது. எந்த மாத்திரையும் சாப்பிடாதவருக்கு அளவு ஏறியிருந்தால், தைராய்டைப் பார்த்துவிட்டு, பிட்யூட்டரியில் சிறுகட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இருந்தாலும் அது பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டி; கேபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சுருங்கிவிடும்.

அறிகுறி: பிள்ளை பெற்ற பின், அல்லது கருத்தடை தொடங்கிய பின்

பால் கொடுக்கும் தாய்க்குப் புரோலாக்டின் ஏறியும் ஈஸ்ட்ரோஜன் இறங்கியும் இருப்பது இயற்கையின் ஏற்பாடு. வறட்சியும் நாட்டக் குறைவும் அதோடு சேர்ந்தவை. பால் குறையும்போது மாறிவிடும். அதுவரை ஜெல் உதவும். தாய் வீட்டிலிருந்து திரும்பியவுடன் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்று கணவரோ மாமியாரோ எதிர்பார்த்தால், இது பால் சுரப்பின் பக்கவிளைவு என்று அவர்களிடம் சொல்வதற்குத் தயங்க வேண்டாம். தையல் போட்ட இடத்தில் மூன்று மாதம் கழித்தும் வலித்தால் காட்ட வேண்டும். காரணமில்லாமல் அழுவது, குழந்தையைத் தொடவே மனம் இல்லாதது, தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராதது ஆகியவை பேறுகால மனச்சோர்வின் அடையாளங்கள். பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் தைராய்டும் தடம் புரளலாம்.

கருத்தடை மாத்திரை, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் புரதத்தை உயர்த்துகிறது. ஆனாலும் பெரும்பாலான பெண்களுக்கு நாட்டத்தில் மாற்றம் தெரிவதில்லை, சிலருக்குக் குறைகிறது. தொடங்கிய தேதியும் குறைந்த தேதியும் ஒட்டி வந்தால் வேறு முறைக்கு மாறிப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் முறைகளில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஹார்மோன் உள்ளது. காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை. சாயா மாத்திரை ஸ்டீராய்டு ஹார்மோன் அல்லாதது.

அறிகுறி: எதிலுமே பிடிப்பில்லை, அல்லது மனச்சோர்வு மருந்து தொடங்கியபின் நாட்டம் போனது

பிடித்த கோலம், பிடித்த சமையல், பேரப்பிள்ளை என எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், நாட்டக் குறைவு மனச்சோர்வின் ஒரு கிளை. 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மாறாக, எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்தைத் தொடங்கி மனம் தேறிய பின் நாட்டம் மட்டும் போயிருந்தால், அது மருந்தின் நன்கறிந்த பக்கவிளைவு. அளவைக் குறைக்கவும், புப்ரோபியான், மிர்ட்டசபின் போன்றவற்றுக்கு மாற்றவும் மருத்துவருக்கு வழிகள் உண்டு. ஒரேயடியாக நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், மனச்சோர்வும் திரும்பும்.

அறிகுறி: முகத்தில் முடி, முகப்பரு, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது

முகத்தில் முடி, முகப்பரு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு என்றிருக்கும் இளம்பெண்களுக்கு நீர்க்கட்டிச் சினைப்பை நோய் இருக்கலாம். இவர்களுக்கு ஆண் ஹார்மோன் கூடுதல் என்றாலும் நாட்டம் குறைவாகவே இருக்கக்கூடும். தோற்றத்தைப் பற்றிய கூச்சமும் சோர்வும் அங்கே ஹார்மோனை விட வலுவாக வேலை செய்கின்றன.

அறிகுறி: உடலில் குறையில்லை, ஆனால் இந்த வீட்டில் மட்டும் வருவதில்லை

பரிசோதனை எல்லாம் இயல்பு. கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போனபோது எல்லாம் சரியாக இருந்தது. இப்படிச் சொன்னவர்களுக்கு ஹார்மோன் மருந்து வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் சுற்றி மணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை இருக்கும். கதவு தேக்குமரம்தான், ஆனால் வளவில் படுத்திருக்கும் பெரியவர்களுக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். நகரத்தார் வழக்கத்தில் மணமான தம்பதியைத் தனிப் ‘புள்ளி’யாக, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கிடுவதும், பிறகு ‘வேறு வைப்பதும்’, அதாவது தனிக்குடித்தனம் வைப்பதும், தம்பதிக்குத் தனி இடம் வேண்டும் என்பதைப் பெரியவர்கள் உணர்ந்திருந்ததைக் காட்டுகின்றன என்றே நான் நினைக்கிறேன். மாடி அறைக்கு மாறுவதும், சத்தத்துக்கு ஒரு மின்விசிறியும் சிலருக்கு மருந்தை விட உதவியிருக்கின்றன.

கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்து ஆண்டுக்கு ஒரு மாதம் வரும் வீடுகளில் வேறொன்று நடக்கிறது. “அவுக வர்றாகன்னாலே எனக்கு வயித்தைக் கலக்குது” என்று ஒரு பெண் சொன்னார். பதினோரு மாதம் தனியாகக் குடும்பத்தை நடத்திவிட்டு, விமானம் இறங்கிய இரவே மனைவியாக மாறுவது எளிதன்று. முதல் சில நாட்களைப் பேச்சுக்கும் சேர்ந்து கோயிலுக்குப் போவதற்கும் விட்டுவைக்கும்படி கணவரிடம் தொலைபேசியிலேயே முன்கூட்டிச் சொல்லச் சொன்னேன். விருப்பமில்லாதபோது வற்புறுத்தலும் அடியும் இருக்கிறது என்றால், அங்கே குறை அந்தப் பெண்ணின் நாட்டத்தில் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

“டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சரியாகுமா?”

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் இருபதுகளிலிருந்து மெல்லக் குறைந்து நாற்பதுகளில் ஏறத்தாழப் பாதியாகிறது. மாதவிலக்கு நிற்கும்போது திடீரென்று விழுவதில்லை. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து நாட்டக் குறைவைக் கண்டறிய முடியாது என்றும், மாதவிலக்கு நின்ற பின், மற்ற காரணங்களை நீக்கியும் நாட்டம் திரும்பாமல் வருந்தும் பெண்களுக்கே பெண்களுக்கான சிறிய அளவில் அது உதவும் என்றும் 2019-இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி அறிவித்தன. ஆண்களுக்கான ஊசியையும் ஜெல்லையும் பெண்கள் அந்த அளவிலேயே பயன்படுத்தினால் முகத்தில் முடி வளரும், குரல் கட்டையாகும்; மாறிய குரல் திரும்பாமலும் போகலாம். உளுந்தங்களியும் கவுனி அரிசியும் நல்ல உணவுகள்தான். அவை ஈஸ்ட்ரோஜனை நிரப்பும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். ‘பெண்களுக்கான வீரிய மாத்திரை’ என்று உள்ளடக்கம் அச்சிடாமல் வரும் பொடிகளை வாங்கவே கூடாது.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

வெளிநோயாளர் வரிசையில் பின்னால் இருப்பவர் காதில் விழுமே என்ற அச்சத்தில், பாதிப் பேர் இடுப்புவலி என்று மாற்றிச் சொல்லிவிட்டு அதற்கான மாத்திரையோடு திரும்பிவிடுகிறார்கள். செவிலியரிடம் முன்பே, “டாக்டரம்மாகிட்டத் தனியாப் பேசணும்” என்று சொல்லிவிட்டால் வரிசையின் கடைசியில் உள்ளே விடுவார்கள். உள்ளே போனதும், “உறவின்போது வலிக்கிறது, ஓராண்டாக, அதற்குப் பிறகு நாட்டமும் போய்விட்டது” என்பதுபோல் எது முதலில், எப்போதிலிருந்து என்ற வரிசையில் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். நான் பலருக்குத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்திருக்கிறேன். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் தொடங்கலாம். மேல் பரிசோதனை தேவைப்பட்டால் சிவகங்கை அல்லது புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

சிகிச்சை தொடங்கிய நாளையும் அதே காலண்டரில் குறித்துவிடுங்கள். களிம்பென்றால் பன்னிரண்டு வாரம், தைராய்டென்றால் எட்டு வாரம் கழித்து மறுபடி போகும்போது, மாத்திரைப் பையோடு அந்தக் காலண்டர் தாள்களையும் கிழித்துக் கொண்டுபோங்கள்.